இரண்டு கோணி

அன்பு மகன் கருப்பையாவுக்கு,

இதை உன் அய்யா நானே என் சொந்தக் கையால் எழுதுகிறேன். நீ நம்பமாட்டாய். முதல் வரியை எழுதி முடித்ததும் நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன், நான் நினைத்ததுதான் காகிதத்தில் இருக்கிறதா என்று. இருந்தது. கடிதம் என்றால் ‘இங்கு யாவரும் நலம்’ என்று தொடங்க வேண்டும் என்று எனக்கு எழுத்துப் படிப்பிக்கிற டீச்சரம்மா சொல்லிக்கொடுத்தார். பலகையில் அதைப் பத்துத் தடவை எழுதியும் பழகினேன். ஆனால் இந்தக் கடிதத்தில் அப்படித் தொடங்கமாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்வதற்காகத்தான் இந்த வயதில் எழுத்துப் படித்தேன். கை இன்னும் மண்வெட்டி பிடிக்கிற கைதான், பேனா அதில் வழுக்குகிறது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் வருகிறது. நீயும் அவசரப்படாமல் படி.

போன மாதம் வந்த உன் கடிதத்தை நானே படித்தேன். தபால்காரர், “செக்ரட்டரி ஐயா வீட்ல குடுத்துரவா?” என்று வழக்கம்போலக் கேட்டார். “இங்கிட்டுக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டேன். அவர் ரெண்டு எட்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கொழும்புத் துறைமுகக் கிட்டங்கியில் அரிசிக் கோணிகளுக்கு வாய் தைக்கிற வேலை உனக்குப் பழகிவிட்டது என்றும், பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான் என்றும் எழுதியிருந்தாய். ஒரு நாள் முழுக்க எடுத்தது எனக்கு. பூங்காவில் அரளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து நாலு வரி, குப்பையைக் கூட்டிவிட்டு வந்து நாலு வரி. உன் குரலே கேட்டதுபோல் இருந்தது. இத்தனை வருஷமும் உன் கடிதம் எனக்குச் செக்ரட்டரி ஐயாவின் குரலில்தான் கேட்டது. கடைசி வரிக்கு வந்தபோது மட்டும் காகிதத்தை மடித்துவிட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் நீ கேட்கிற கேள்விதான். ‘ஆத்தாவுக்கு முடியவில்லை என்று ஏன் எனக்கு ஒரு வரி எழுதவில்லை?’ நாலு வருஷமாகக் கேட்கிறாய். பதில் சொல்கிறேன். அதற்கு முதலில் பூங்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. மேலத்தெருவுக்கும் நம் கீழத்தெருவுக்கும் நடுவில் அந்தப் பாழ் நிலம் கிடந்தது. கருவேல முள்ளும், உடைந்த பானையும், தூர்ந்துபோன ஒரு கிணறும். அதைப் பூங்காவாக்கலாம் என்று மேலத்தெருக்காரர்கள் கமிட்டி சேர்த்தார்கள். இடத்தையும் தோட்டக்காரன் சம்பளத்தையும் முனிசிபாலிட்டி தரும், மற்றதைச் சுற்றியுள்ள தெருக்கள் திரட்டிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. அந்தத் தோட்டக்காரன் நான். அப்போது உனக்குப் பதினேழு வயது. கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை நீ பிடித்தாய். முளை அடித்து, சாம்பல் தூவி, பாதை இங்கே, பாத்தி இங்கே என்று மண்ணிலேயே வரைந்தோம். கமிட்டியின் செக்ரட்டரி ஐயா அதைப் பார்த்துக் காகிதத்தில் வரைந்துகொண்டு, “ஆபீஸ்ல இதுக்குப் பேரு பிளான்” என்றார். கல் பெஞ்சு எங்கே போடுவது என்று அவர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீதான் நாலு நாள் சாயங்காலம் அந்தப் பெரிய புங்க மரத்தடியில் இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்தாய். வெயில் எப்படி நகர்கிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று. கடைசியில் காலால் ஒரு கோடு போட்டு, “இங்க போடுங்க. நாலு மணிக்கு மேல வெயிலே வராது” என்றாய். அந்தக் கோட்டின் மேல்தான் இன்றைக்கும் அந்தப் பெஞ்சு இருக்கிறது.

பணத்துக்குப் பிடியரிசி சேர்ப்பது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் ஒரு கோணியில் கொட்டி, கோணி நிறைந்ததும் சந்தையில் விற்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் நான் கிணற்றோரமாக நின்றுகொண்டிருந்தேன். “எல்லா வீடுமா?” என்று ஒருவர் கேட்டார். “பார்க்கு எல்லாருக்குந்தானே, எல்லா வீடுந்தான்” என்றார் செக்ரட்டரி ஐயா. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஒருவர் வேட்டியில் ஒட்டாத மண்ணைத் தட்டினார். ஒருவர் வானத்தைப் பார்த்தார். கீழத்தெரு உலையிலிருந்து வந்ததைத் தங்கள் வீட்டு அரிசியோடு கலப்பதா என்பதுதான் அத்தனை பேர் மனசிலும் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. நல்ல மனிதர்கள்தான், சொன்னால் அசிங்கம் என்று தெரிந்தவர்கள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால், சொல்ல வெட்கப்பட்டே ஒரு கோணிக்கு ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. நான் முன்னால் வந்து சொன்னேன்: “சாமி, எங்க தெருவுல வரகும் கேப்பையுந்தான். ஒங்க அரிசியோட கலந்தா வெல போகாது. எங்களுக்குத் தனியா ஒரு கோணி வச்சிருங்க.” எல்லார் முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தது. “இவனுக்குத்தான் புத்தி” என்று ஒருவர் சொன்னார். செக்ரட்டரி ஐயா அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அதை நான் பெருமையாகச் சொன்னேன். உன் ஆத்தா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நீதான் சொன்னாய், “அவுங்க வாயால சொல்லட்டுமேய்யா. நீங்க ஏன் எடுத்துக் குடுத்தீங்க?” “ஒனக்கு என்னடா தெரியும், காரியம் நடக்கணும்ல” என்று நான் அதட்டினேன். அன்றையிலிருந்து அந்தப் பிடிப் பானையை நீ தொடவே இல்லை. உன் ஆத்தாதான் ஒரு நாள் தவறாமல் போட்டாள். வீட்டில் கஞ்சி தண்ணியாக இருந்த நாளிலும் போட்டாள். மகனே, இதை ஒரு புத்திமதியாக எடுத்துக்கொள். ஒருவன் தன் மனசில் இருக்கிற கெட்ட வார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டு நின்றால், அவனை நிற்க விடு. அவனுக்கு உதவி செய்கிறேன் என்று நீ ஒரு நல்ல வார்த்தையை எடுத்துக் கையில் கொடுக்காதே.

பூங்கா திறந்த நாளை நான் விரித்து எழுதப்போவதில்லை, உனக்கு மறந்திருக்காது. வந்த பெரியவர்கள் போன பிறகு நீ போய் உன் பெஞ்சில் உட்கார்ந்தாய். யாரோ “எந்திரிடா” என்றார். “இந்த எடத்தச் சொன்னதே நாந்தாங்க” என்றாய். அதற்கும் சிலர் சிரித்தார்கள். செக்ரட்டரி ஐயா கத்தவில்லை. அவர் எப்போதுமே கத்தியதில்லை. மெதுவாக உன் பக்கத்தில் வந்து, “தம்பி, ஒங்க கோணியில வந்தத வச்சுக் கெணத்து ராட்டினமும் வேலிக்காலும் வாங்கியாச்சு. பெஞ்சு அந்தக் கோணியில வாங்குனது. ரெண்டாப் பிரிச்சது ஒங்கப்பன்தானே, கேட்டுப் பாரு” என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். ‘இல்லை சாமி, அது அதற்காகச் சொன்னது இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, உன் தோளைப் பிடித்து எழுப்பி, அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் அறைந்தேன். பூவாளி சாய்ந்து தண்ணீர் எல்லாம் பாதையில் ஓடியது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை. உன் மகன் வளர்கிறான். அவனை எதற்காகவும் நாலு பேர் பார்க்க அடிக்காதே. அடி அவன் மேல் விழுந்தாலும், அது அந்த நாலு பேருக்கு நாம் போடுகிற கும்பிடு.

மூன்றாம் நாள் நீ கிளம்பினாய். “அந்தப் பெஞ்சுல நான் ஒக்காரலாம்னு ஆகுற அன்னைக்குச் சொல்லி விடு, வாரேன்” என்று ஆத்தாவிடம் சொன்னாய். என்னிடம் சொல்லவில்லை. பிறகு கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. உன்னைத் தவிர நம் தெருவில் யாருக்குமே தெரியாது. செக்ரட்டரி ஐயாதான் வாசித்தார், அவரேதான் பதிலும் எழுதினார். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. காகிதம்கூட அவருடையதுதான். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே. நான் எழுதப்போவதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை.

இனிமேல் எழுதுவதை மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன். பேனாவில் மை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மை இருந்தது.

ஆத்தாவுக்கு அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மூன்றாம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கிட்டே கூப்பிட்டு, என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். “இப்பிடி எழுதச் சொல்லுங்க. ‘ஒங்கய்யா செஞ்சது தப்பு. கோணியப் பிரிச்சதும் தப்பு, ஒன்ன அடிச்சதும் தப்பு. அவரும் ஒத்துக்கிட்டாரு. நீ பார்க்குப் பக்கமே போக வேணாம். நேரா வீட்டுக்கு வா, ஆத்தாவுக்கு முடியல.’ ஒரு வார்த்த விடாம எழுதணும். ‘தப்பு’ன்னு இருந்தாத்தான் அவன் வருவான்.” சரி என்று சொல்லி நான் செக்ரட்டரி ஐயா வீட்டு வாசலுக்குப் போனேன். அவர் காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “சொல்லுப்பா, என்ன எழுதணும்?” என்றார். கோணியைப் பிரித்தது தப்பு என்று எழுதுங்கள் என்று, அந்தக் கோணியை எழுதி வைத்தவரிடமே எப்படிச் சொல்வது? ‘எதப்பா தப்புங்கிற?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வேன்? என் வேலையும் அந்தக் கமிட்டியின் கண்ணுக்குக் கீழேதான் இருந்தது. “வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானே?” என்று கேட்டார். “சௌக்கியங்க. வழக்கம்போல எழுதிருங்க” என்றேன். அவர் ‘இங்கு யாவரும் நலம்’ என்று எழுதினார். நான் அதை வாங்கிக் கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.

“எல்லாத்தையும் எழுதியாச்சா?” என்று ஆத்தா கேட்டாள். “எழுதியாச்சு” என்றேன். “தப்புன்னு?” “ஆமா.” அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வை, எங்களுக்குக் கல்யாணமான புதிதில் பார்த்ததுபோல் இருந்தது. கடிதம் கொழும்புக்குப் போக இத்தனை நாள், நீ கப்பல் ஏற இத்தனை நாள், ரயிலில் வர இத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் “அவனா பாருங்க” என்பாள். நான் எழுந்து போய் வாசலில் நின்று, யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே தெருவைப் பார்த்துவிட்டு வந்து, “இல்ல, வேற வண்டி” என்பேன். ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. கடைசி நாள் அவள் வண்டியைக் கேட்கவில்லை. “வந்தா அவனுக்குக் கேப்பைக் களி கிண்டிக் குடுங்க, அங்கிட்டெல்லாம் வெறும் அரிசிதான் தின்னுருப்பான்” என்றாள். நீ வராமல் இருந்துவிட்டதாக அவள் நினைத்துத்தான் போனாள், கருப்பையா. உனக்குச் செய்தியே வரவில்லை என்று அவளுக்குத் தெரியாது. இதுதான் உன் கேள்விக்குப் பதில்.

இதை இன்னொருவர் கையால் எழுத முடியாது என்பதால்தான் நாலு வருஷம் ஆயிற்று. போன வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருவர் பூங்காவின் புங்க மரத்தடியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தார். நான் கூட்டுமாற்றைப் பிடித்துக்கொண்டே தள்ளி நின்று பார்ப்பேன். “தாத்தா, வாங்க. எதுக்குப் படிக்கணும்னு ஆசை?” என்று ஒரு நாள் கேட்டார். “ஒரு விஷயத்த எழுதணும்மா.” “சொல்லுங்க, நான் எழுதித் தாரேன்.” “அதுதாம்மா கூடாது” என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் பலகையை என் கையில் கொடுத்தார். உன் பேரைத்தான் முதலில் கேட்டு எழுதினேன். அந்தச் சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது? கடைப் பலகை, வண்டிப் பலகை, தீப்பெட்டி மேல் எழுதியிருப்பது எல்லாம் என்னோடு பேசத் தொடங்கின. தெருவில் நின்று சத்தம் போட்டு வாசிப்பேன். வண்டிக்காரன், “பெருசு, வழிய விட்டுட்டுப் படிங்க” என்று திட்டிவிட்டுப் போவான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. சொல்லக் கேட்க உன் ஆத்தா இல்லையே என்பதுதான்.

இப்போது பூங்காவைச் சீர்படுத்த வேண்டும் என்று மறுபடி பேச்சு வந்திருக்கிறது. பெஞ்சின் ஒரு கால் சாய்ந்துவிட்டது. கிணற்றுக்குச் சுவர் வேண்டும், பிள்ளைகளுக்கு ஊஞ்சல் வேண்டும். மறுபடியும் பிடித் தானியம்தான். சண்டைக் காலத்துப் பஞ்சம் இன்னும் விடவில்லை, அரிசி ரேஷனில் அளந்துதான் கிடைக்கிறது. எந்தத் தானியமானாலும் போடலாம் என்று முடிவு செய்தார்கள். கூட்டத்தில் செக்ரட்டரி ஐயா அறிவிப்புக் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பிறகு என்னைப் பார்த்தார். “கண்ணு பொகையுது. நீதான் இப்ப படிப்பாளியாச்சே, படியேன்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எத்தனை பேர் முன்னால்! நின்றுகொண்டு, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தேன். ஊஞ்சலைத் தாண்டினேன், கிணற்றைத் தாண்டினேன். அப்புறம் வந்தது. ‘வழக்கப்படி மேலத்தெருவுக்கு ஒரு கோணி, கீழத்தெருவுக்கு ஒரு கோணி.’

வழக்கப்படி! நான் ஒரு நாள், ஒரு மௌனத்தைத் தாங்க முடியாமல் சொன்ன பேச்சு அது. அது வழக்கமாகி, எழுத்தில் ஏறி, என் வாய்க்கே திரும்பி வந்திருந்தது. மேலே வாசிக்க முடியவில்லை. “என்னப்பா, எழுத்துத் தெரியலையா?” என்றார். “தெரியுதுங்க. இந்த வழக்கத்த ஏற்படுத்துனவன் நாந்தாங்க. தானியம் வேற வேறன்னு அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. இன்னைக்கு ஒங்க வீட்லயும் கேப்பைதான், எங்க வீட்லயும் கேப்பைதான். அத எடுத்துருங்க. ஒரே கோணி போதும்” என்றேன். பழையபடி மௌனம் வந்தது. ஒருவர் மண்ணைத் தட்டினார். இந்தத் தடவை நான் யாருக்கும் உதவவில்லை. அது எவ்வளவு நேரம் நீண்டாலும் நீளட்டும் என்று நின்றேன். கடைசியில் செக்ரட்டரி ஐயா பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். “ஒரே கோணின்னா மேலத்தெருவுல எத்தன பேரு போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது” என்றார். “போடுற வரைக்கும் இருக்கட்டுங்க” என்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். சரியாகவில்லை. கோணியைப் பூங்காக் கொட்டகையில் என் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள். நம் தெருவிலிருந்து எல்லாரும் போட்டார்கள். டீச்சரம்மா போட்டார். மேலத்தெருவிலிருந்து ஒரே ஒருவர் வந்தார். செக்ரட்டரி ஐயா தடியை ஊன்றிக்கொண்டு வந்து, மடியிலிருந்து ஒரு பிடி கேப்பையை எடுத்துப் போட்டு, கையை உதறிவிட்டு, “எங்க வீட்ல சொல்லிறாதப்பா, மருமக வையும்” என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் தட்டி, “ஒக்காரு கொஞ்ச நேரம்” என்றார். பதினோரு வருஷமாகத் தினமும் நான் துடைக்கிற பெஞ்சு. “இருக்கட்டுங்க” என்று நின்றேன். எனக்கு முன்னால் உட்கார வேண்டியவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்ல நினைத்தேன். அவர் கண் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கும் அது தெரியும் என்று தோன்றியது.

கோணி பாதிகூட நிறையவில்லை. மாதக் கடைசியில் இருப்பதை வைத்துத் தைத்துவிடச் சொன்னார்கள். சுவருக்கும் ஊஞ்சலுக்கும் அது காணாது. பெஞ்சுக்குக் கால் வைக்க வேண்டுமானால் காணும்.

வா என்று எழுத எனக்கு வாய் இல்லை. உன் ஆத்தா சொல்லிவிட்ட சொல்லைத்தான் எழுதுகிறேன், நாலு வருஷம் தாமதமாக, ஒரு வார்த்தை விடாமல். உன் அய்யா செய்தது தப்பு. கோணியைப் பிரித்ததும் தப்பு, உன்னை அடித்ததும் தப்பு. நானும் ஒத்துக்கொண்டேன். அவள் சொல்லாத ஒன்றையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்: அவளிடம் ‘எழுதியாச்சு’ என்று சொன்னது.

கோணூசியும் சணலும் கொட்டகை ஆணியில் தொங்குகின்றன. மாதக் கடைசி போய் ஐந்து நாள் ஆகிறது. கேட்கிறவர்களிடம், எனக்குத் தைக்கத் தெரியாது, தைக்கத் தெரிந்தவன் கொழும்பில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறேன். கோணியின் வாய் திறந்துதான் இருக்கிறது.

உன் அய்யா